அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: தங்கைக்காக இணையத்தில் தேடும் அண்ணனுக்கு

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. தங்கைக்கு 24 வயது. ரத்தமும் சளியும் கலந்து மலம் போவது நிற்காததால் கொலனோஸ்கோபி செய்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலின் இடது பக்கம் வரை, என்று முடிவு வந்திருக்கிறது. பெருங்குடலின் உட்சவ்வில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நாள்பட்ட நோய் அது. அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரையும் இரவில் ஏற்றிக்கொள்ள எனிமாவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டரிடம் பேசக் கிடைத்தது ஐந்து நிமிடம். வீட்டுக்கு வந்து தேடினால் ஒரு பக்கம் புற்றுநோய் வரும் என்கிறது, இன்னொன்று குடலையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறது, யூடியூபில் ஒருவர் ஒரு மண்டலம் கஷாயம் குடித்தால் அடியோடு போய்விடும் என்கிறார். எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து இதே நோயோடு வாழ்கிறேன். நோய் புதிதாகத் தெரியவந்து தவித்து நிற்கும் குடும்பங்களோடு நிறையப் பேசியும் இருக்கிறேன். அவர்கள் குழம்புவதற்குப் பொய்த் தகவல் ஒரு காரணம்தான். நல்ல தளத்தில் சரியான தகவலையே படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் அதைவிட அதிகம். படித்தது சரிதான், ஆனால் அது வேறு யாருடைய நோயையோ பற்றியது. அதனால் தேடலை கூகுளில் தொடங்காதீர்கள். தங்கையின் ஃபைலில் தொடங்குங்கள்.

கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நோய் எதுவரை போயிருக்கிறது என்று அதில் இருக்கும். மலக்குடலோடு நின்றால் ப்ராக்டைட்டிஸ், இடது மேல் வளைவு வரை போனால் இடதுபக்க கொலைட்டிஸ், அதையும் தாண்டினால் விரிந்த கொலைட்டிஸ் அல்லது பான்கொலைட்டிஸ். சில ரிப்போர்ட்டுகளில் இதையே ஈ1, ஈ2, ஈ3 என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். அப்புறம், புண்ணின் கடுமையைச் சொல்லும் மேயோ ஸ்கோர், 0 முதல் 3 வரை. பயாப்சி முடிவு தனித் தாளில் இருக்கும். இவற்றோடு அவர் எடுக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தைப் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, இது இடதுபக்க நோயைப் பற்றிப் பேசுகிறதா, மெசலமைன் எடுப்பவரைப் பற்றிப் பேசுகிறதா என்பதைத்தான். பான்கொலைட்டிஸ் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் கதையை இடதுபக்க நோய் உள்ள பெண் படித்தால் அன்று இரவு தூக்கம் போகும். தெரிந்துகொள்வது ஒன்றும் இருக்காது.

தமிழில் தேடும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. குடல் புண், அல்சர் என்று போட்டால் வருவதில் பெரும்பகுதி இரைப்பைப் புண்ணைப் பற்றியது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், பாக்டீரியாவுக்கு இரண்டு வாரம் மருந்து எடுங்கள் என்றெல்லாம் வரும். அந்த நோய் வேறு, காரணம் வேறு, மருந்தும் வேறு. இன்னொரு குழப்பம் ஐ.பி.எஸ்., ஐ.பி.டி. என்ற இரண்டு சுருக்கங்களால் வருகிறது. ஐ.பி.எஸ். என்பது குடல் இயங்கும் விதத்தில் வரும் தொல்லை, அதில் குடல் சுவரில் புண் இருக்காது. உங்கள் தங்கைக்கு இருப்பது ஐ.பி.டி. வகை. குடலின் உட்சவ்வில் உண்மையான அழற்சி இருக்கிறது, மருந்தால் அதை அடக்க வேண்டும். "எல்லாம் மன அழுத்தம்தான், யோகா போதும்" என்ற வகை அறிவுரை ஐ.பி.எஸ். பக்கங்களிலிருந்து வழிதவறி இங்கே வந்துசேர்கிறது. ஐ.பி.டி.யிலேயே கிரோன்ஸ் என்ற உடன்பிறப்பு ஒன்று உண்டு. அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும், குடல் சுவரின் முழு ஆழத்தையும் பிடிக்கும். கிரோன்ஸுக்குச் சொன்ன உணவுக் கட்டுப்பாடும் அறுவை சிகிச்சையும் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே தேடும்போது நோயின் முழுப் பெயரைப் போடுங்கள். ஆங்கிலத்தில் படிக்க முடியும் என்றால் ஆங்கில எழுத்திலேயே போடுங்கள். தமிழில் இந்த நோய்க்கென்று முறையாக எழுதிச் சரிபார்த்த பக்கங்கள் இன்னும் மிகக் குறைவு.

சரி, எங்கே படிப்பது? முதல் மாதத்துக்கு ஒரே ஒரு இடம் போதும் என்பேன். பிரிட்டனில் கிரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் யூகே என்ற நோயாளிகள் அமைப்பு 1979 முதல் இயங்குகிறது. ஒவ்வொரு மருந்துக்கும், உணவு, களைப்பு, பயணம், கர்ப்பம் போன்ற ஒவ்வொரு கவலைக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். மொழி எளிது. கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற விவரமும் இருக்கும். அமெரிக்காவில் 1967-இல் தொடங்கிய கிரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் ஃபவுண்டேஷன் இதே வேலையைச் செய்கிறது. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திறந்தால் மருந்துப் பெயரிலேயே குழப்பம் வரும்: அமெரிக்கர் மெசலமைன் என்பதை பிரிட்டனில் மெசலசீன் என்பார்கள். ஒரே மருந்துதான்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்ப்ளஸ் தளமும் நல்லது, விளம்பரம் கிடையாது. ஒரு மருந்தின் பக்கவிளைவு, மறந்துபோன வேளை மருந்தை என்ன செய்வது போன்ற சந்தேகங்களுக்கு அங்கே போகலாம்.

டாக்டர்கள் எதைப் பின்பற்றுகிறார்கள் என்று பார்க்க ஆசை இருந்தால், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019-இல் வெளியிட்ட அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வழிகாட்டி இலவசமாகக் கிடைக்கிறது. இந்த நோய்களுக்கான ஐரோப்பிய மருத்துவர்கள் அமைப்பான எக்கோவின் வழிகாட்டிகளும் அப்படியே. எக்கோ, ஐரோப்பிய நோயாளிகள் கூட்டமைப்பான எஃப்காவோடு சேர்ந்து நோயாளிகளுக்கென்றே எளிய நடையில் ஒரு கையேடும் போட்டிருக்கிறது. புதிய மருந்துகள் அதில் இல்லை, ஆனால் அடிப்படைகளுக்குப் போதும். இந்தியாவில் கொலைட்டிஸ் அண்ட் கிரோன்ஸ் ஃபவுண்டேஷன் என்ற மருத்துவர்கள் அமைப்பு, மெசலமைன் வகை மருந்துகளை நம் நாட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்று கருத்தொற்றுமை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மருத்துவர்களுக்காக எழுதியது, படிக்கக் கொஞ்சம் கடினம்.

எனிமாவைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பலர் கூச்சத்தில் அதை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்குகிறார்கள். இடதுபக்க நோய்க்கு மாத்திரையும் எனிமாவும் சேர்ந்து வேலை செய்வது மாத்திரை மட்டும் எடுப்பதைவிட மேல் என்பது ஆய்வுகளில் தெளிவாக இருக்கிறது. படுக்கப்போகுமுன் கழிவறை போய்வந்து, இடது பக்கமாகப் படுத்து ஏற்றி, முடிந்தவரை ராத்திரி முழுக்க உள்ளே நிற்க விட வேண்டும். முதல் சில நாள் நிற்காமல் வெளியே வரும், அதற்காகக் கைவிடக் கூடாது. ஓ.பி.யில் சொல்ல நேரமில்லாத இதுபோன்ற விஷயங்களுக்குத்தான் நோயாளிகள் அமைப்பின் தளங்கள் கைகொடுக்கின்றன.

அடுத்தது தேதி. இந்த நோயில் பழைய தகவல் பொய்த் தகவல் அளவுக்கு ஆளை அடிக்கும். நீங்கள் பார்த்த புற்றுநோய்ப் பயத்தையே எடுத்துக்கொள்வோம். 2001-இல் கட் என்ற மருத்துவ இதழில் பல பழைய ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்கு வந்தது: நோய் வந்து 10 ஆண்டில் 2 சதவீதம், 20 ஆண்டில் 8, 30 ஆண்டில் 18 சதவீதம் பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய். அந்த 18 என்ற எண் இன்றும் பக்கம் பக்கமாக நகல் எடுக்கப்படுகிறது. ஆனால் 2012-இல் டென்மார்க்கில் நாடு முழுவதுக்குமான பதிவேடுகளை வைத்து, 1979 முதல் 2008 வரை பார்த்தபோது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களின் ஒட்டுமொத்த அபாயம் மற்ற மக்களுடையதற்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. சிறு வயதிலேயே நோய் வந்தவர்களுக்கும், நெடுங்காலம் நோய் உள்ளவர்களுக்கும், பித்தநாளத்தில் பி.எஸ்.சி. என்ற நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கும் மட்டும் அது கூடியிருந்தது. அழற்சியை அடக்கி வைக்கும் மருந்துகளும் ஒழுங்கான கண்காணிப்பும் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது என்பதைத்தான் பெரும்பாலான நிபுணர்கள் இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். இதில் தங்கைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அறிகுறி தொடங்கி 8 ஆண்டு ஆனதும் கண்காணிப்புக் கொலனோஸ்கோபி தொடங்க வேண்டும், பிறகு அவரவர் அபாயத்தைப் பொறுத்து 1 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. பி.எஸ்.சி. இருந்தால் ஆண்டுதோறும். அறிகுறி முதலில் வந்த மாதத்தை இப்போதே குறித்து வையுங்கள், இவ்வளவு ஆண்டு கழித்து அது யாருக்கும் நினைவிருக்காது.

குடலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்துக்கும் இப்படி ஒரு பதில் உண்டு. நார்வேயில் 1990-களின் தொடக்கத்தில் நோய் கண்டறியப்பட்டவர்களை 10 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். குடல் நீக்கம் தேவைப்பட்டது ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு. நோய் திரும்பக் கிளம்புவது பெரும்பாலோருக்கு நடந்தது, ஆனால் கடைசி 5 ஆண்டில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அது ஒருமுறைகூட வரவில்லை. இன்று பரவலாகப் பேசப்படும் உயிரியல் மருந்துகள் (இன்ஃப்ளிக்சிமாப் போன்ற விலை கூடிய ஊசிகள்) பெரிதாகப் புழக்கத்துக்கு வராத காலம் அது. இணையத்தில் இந்தப் பாதிப்பேரை நீங்கள் சந்திக்கவே மாட்டீர்கள். நன்றாக இருப்பவர் வேலைக்குப் போகிறார், கல்யாணத்துக்குப் போகிறார், நள்ளிரவில் உட்கார்ந்து தன் குடலைப் பற்றி எழுதுவதில்லை.

தேதியோடு சேர்த்து, ஆய்வு யாரிடம் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் இந்த நோய்க்கு 2018-இல் அனுமதி பெற்றது. இந்தியாவில் இதன் ஜெனரிக் வகைகள் கிடைப்பதால், ஊசி மருந்தின் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு இதை எழுதுகிறார்கள். 2018-இல் எழுதிய பக்கத்தில் பெரும்பாலும் இதன் நல்ல பக்கமே தூக்கலாக இருக்கும். 2021-இல் அமெரிக்க மருந்துத் துறை மாரடைப்பு, ரத்த உறைவு, புற்றுநோய் குறித்துக் கடும் எச்சரிக்கை சேர்த்தது. அதற்குப் பிறகு எழுதிய பக்கத்தைப் படித்தால் கை நடுங்கும். அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையான ஆய்வு 50 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே இதயநோய் அபாயம் ஏதாவது ஒன்று உள்ள முடக்குவாத நோயாளிகளிடம் நடந்தது. 24 வயதுப் பெண்ணுக்கு அதே எண்களைப் பொருத்த முடியாது, எச்சரிக்கையை ஒதுக்கவும் முடியாது. நாளைக்குத் தங்கைக்கு இந்த மருந்து தேவைப்பட்டால் டாக்டரிடம் வைக்க வேண்டிய கேள்வி, என் வயதுக்கும் என் உடலுக்கும் இதன் அபாயம் எவ்வளவு என்பது.

மேல்நாட்டுத் தளங்களில் எவ்வளவு நல்லதிலும் நமக்கு வேண்டியவை சில விடுபட்டுப் போகும், அல்லது ஒரு வரியில் முடிந்துவிடும். முதலாவது காசநோய். இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகளைத் தொடங்குமுன் உடலில் ஒளிந்திருக்கும் காசநோயைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது எங்கும் உள்ள விதி. இந்தியாவில் அதன் கனம் பல மடங்கு, ஏனென்றால் அந்தக் கிருமி நம்மில் ஏராளமானோர் உடலில் உறங்கிக் கிடக்கிறது. இரண்டாவது, அமீபா. ரத்தபேதி என்றால் நம் ஊரில் அமீபாவாகவோ வேறு தொற்றாகவோ இருக்கலாம். அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து. நோய் உறுதியான பிறகும், திடீரென்று பேதி கூடினால் மலப் பரிசோதனை கேட்பதில் தப்பில்லை. மூன்றாவது, அசதயோப்ரின். நோயெதிர்ப்பை அடக்கும் இந்த மாத்திரை சிலருக்கு வெள்ளணுக்களைச் சட்டென்று கீழே தள்ளிவிடும். ஐரோப்பியப் பக்கங்கள் இதற்கு டி.பி.எம்.டி. என்ற பரிசோதனையைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். ஆசியர்களிடம் இந்தச் சிக்கலுக்கு நுட்15 என்ற வேறொரு மரபணு மாற்றம் முக்கியக் காரணம் என்று 2014-இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ வைத்தியம் பார்க்கும் நம் சொந்தக்காரர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் டாக்டரிடம் தாங்களே எடுத்துச் சொல்லிக் கேட்கலாம்.

இனி கஷாயத்துக்கு வருவோம். மஞ்சள் இந்த நோய்க்கு நல்லது என்று நீங்கள் கண்டிப்பாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. 2015-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் தலைமையில், மெசலமைன் எடுத்தும் நோய் அடங்காத லேசான, நடுத்தர நோயாளிகளுக்கு, மெசலமைனை நிறுத்தாமல், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்தைத் தினம் 3 கிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். பலன் நன்றாகவே இருந்தது. 2017-இல் டெல்லி எய்ம்ஸில் தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலான பலன் இல்லை. செய்தியாக வரும்போது "மஞ்சள் குணப்படுத்துகிறது" என்று ஒன்றும், "மஞ்சளால் பலனில்லை" என்று ஒன்றும் வரும். இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அளவு வேறு என்பது தெரியும். வீட்டு மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 3 கிராம் குர்குமினுக்குத் தினம் 100 கிராம் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும், யாராலும் முடியாது. பாலில் ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அது மருந்தாகாது. மாத்திரையாக விற்கும் குர்குமினை டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கவும் கூடாது. மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய சில வகைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

இயற்கையானது என்பதால் கெடுதல் செய்யாது என்பவர்களுக்கு நான் ஜப்பானைக் காட்டுவேன். அங்கே சிங்டாய் என்ற மூலிகைப் பொடி இந்த நோய்க்குப் பரவலாகப் புழங்கியது. நம் அவுரிச் செடியும் அதுபோன்ற வேறு சில செடிகளும் தரும் நீலம்தான் அது. முறையான ஆய்வில் அது உண்மையிலேயே நோயை அடக்கியது. ஆனால் அதை எடுத்தவர்களில் சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. 2016 டிசம்பரில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விட்டது, நடந்துகொண்டிருந்த ஆய்வும் பாதியில் நின்றது. வேலை செய்யும் பொருள் எதுவானாலும் பக்கவிளைவும் செய்யக்கூடியது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். யூடியூபில் கஷாயம் விற்பவர் யாரையும் எண்ணுவதில்லை.

2008-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, இணையத்தில் விற்பனையான 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தது. அமெரிக்காவில் தயாரானவையும் இந்தியாவில் தயாரானவையும் அதில் உண்டு. ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. சித்த, ஆயுர்வேத மருத்துவம் படித்துப் பதிவு பெற்ற மருத்துவரை நேரில் பார்ப்பது வேறு, பெயர் தெரியாத டப்பாவைக் கூரியரில் வாங்குவது வேறு. நேரில் பார்த்தாலும் இரண்டு பக்க மருத்துவருக்கும் எல்லா மருந்தும் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, குடலைச் சுத்தம் செய்கிறேன் என்று பேதிக்குக் கொடுப்பதோ விளக்கெண்ணெய் குடிப்பதோ நோய் கிளம்பியிருக்கும்போது கூடவே கூடாது. வீட்டில் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள், நீங்கள்தான் நடுவில் நிற்க வேண்டும்.

"எனக்குக் குணமாச்சு" என்று கேமரா முன் சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன். இந்த நோயின் இயல்பே கிளம்புவதும் தணிவதும். மருந்து ஆய்வுகளில் வெற்று மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் சுமார் மூன்றில் ஒருவருக்கு நிலைமை தேறுகிறது, பத்தில் ஒருவருக்கு நோய் முழுவதும் அடங்குகிறது. அந்த நேரம் பார்த்து அவர் எதைக் குடித்துக்கொண்டிருந்தாரோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று அதே சேனலில் யாரும் வீடியோ போடுவதில்லை. நிரந்தரத் தீர்வு, பக்கவிளைவே இல்லை, இங்கிலீஷ் மருந்தை உடனே நிறுத்துங்கள் — இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலும் வீடியோவை மூடிவிடுங்கள். மூன்றாவதுதான் மிகவும் கெடுதலானது. 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் தணிந்த நிலையில் மெசலமைனை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஒழுங்காக எடுத்தவர்களைவிட ஐந்து மடங்கு இருந்தது. ரத்தம் நின்றுவிட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றும் அந்த மாதம்தான் மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும் மாதம்.

யூடியூபில் பேசுபவர் டாக்டர் என்றால், என்ன டாக்டர் என்று பாருங்கள். இந்த நோய்க்கு இரைப்பை குடல் மருத்துவத்தில் டி.எம். அல்லது அதற்கு இணையான படிப்பு படித்தவர் பேசுவதைக் கேட்கலாம். இந்தியாவில் பதிவு பெற்ற ஆங்கில மருத்துவரா என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்க முடியும். தளங்களில், நம்பகமான மருத்துவத் தளம் என்று சான்று சொல்லும் ஹான்கோட் என்ற முத்திரை இருந்தால் அதை ஒரு தகுதியாக எண்ண வேண்டாம். ஜெனீவாவில் அதை வழங்கிவந்த அமைப்பு 2022 இறுதியில் மூடப்பட்டுவிட்டது, பல பக்கங்கள் அந்தப் படத்தை இன்னும் எடுக்கவில்லை.

சாட்ஜிபிடி போன்றவற்றை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் உள்ள ஒரு சொல்லுக்கு எளிய விளக்கம் கேட்பதற்கும், டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கோர்வையாக எழுதிக்கொள்வதற்கும் அது உதவும். மருந்தின் அளவையோ, மருந்தை நிறுத்தலாமா என்பதையோ அதனிடம் கேட்காதீர்கள். தப்பான எண்ணையும் சரியான எண்ணைப் போலவே தயங்காமல் சொல்லும். ரிப்போர்ட்டில் உள்ள பெயரையும் ஆஸ்பத்திரி எண்ணையும் மறைத்துவிட்டுத்தான் படம் ஏற்ற வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளைப் பார்க்க ஆர்வம் இருந்தால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தொகுப்பில் தேடலாம், சுருக்கம் இலவசம். எலியில் நடந்ததா, மனிதரிலா, எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள் — இவற்றைப் பார்த்தாலே பாதி செய்திகளின் வேகம் இறங்கிவிடும். அதைவிட எளிய வழி காக்ரேன் தொகுப்புகள். ஒரே கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடை போட்டு, மருத்துவம் படிக்காதவருக்கும் புரியும்படி சுருக்கம் எழுதுகிறார்கள். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

உணவைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரு பட்டியல் தருவார்கள். எந்த ஓர் உணவும் இந்த நோயைக் கொண்டுவந்ததாகவோ தீர்த்ததாகவோ நிறுவப்படவில்லை. நோய் கிளம்பியிருக்கும்போது நார் குறைந்த, மென்மையான சாப்பாடு வயிற்றுக்கு இதமாக இருக்கும்: இட்லி, குழைந்த சோறு, ஒத்துக்கொண்டால் தயிர். தணிந்த பிறகு வழக்கமான வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். பால் எல்லோருக்கும் ஆகாது என்பது தவறு. குடித்தால் தொல்லை தருகிறவர் மட்டும் தவிர்க்கலாம். இணையப் பட்டியல்களை எல்லாம் சேர்த்துப் பின்பற்றினால் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது, ஏற்கெனவே ரத்தம் இழந்த பெண் இன்னும் மெலிந்துபோவார். சாப்பாட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும் டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளைப் பற்றி. இவை சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். மாதவிலக்கு வலிக்கோ தலைவலிக்கோ முதலில் பாராசிட்டமால் போதுமா என்று பாருங்கள்.

நோயாளிகளின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் தங்கை சேரலாம், சேர்வது நல்லதும்கூட. பஸ் பயணத்தை எப்படிச் சமாளிப்பது, அலுவலகத்தில் எப்படிச் சொல்வது, எனிமா எந்த மெடிக்கலில் இருப்பு இருக்கிறது போன்றவற்றை அவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. யாராவது தன் ஸ்டீராய்டு அளவைப் போட்டு இப்படி எடுங்கள் என்று சொன்னால் மட்டும் காதில் வாங்க வேண்டாம்.

கல்யாணம், குழந்தை பற்றிய தேடல் சீக்கிரமே வரும், நீங்கள் கேட்காவிட்டாலும் வீட்டில் யாராவது கேட்பார்கள். இது தொற்றுநோய் இல்லை. இந்த நோயோடு கருத்தரித்து நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். நோய் தணிந்திருக்கும்போது கருத்தரிப்பது நல்லது, மெசலமைனை அப்போதும் தொடரலாம் என்பதே பொதுவான வழிகாட்டல். மருந்து குழந்தையைப் பாதிக்குமோ என்று பயந்து தானாக நிறுத்தினால், கிளம்பும் நோய்தான் கர்ப்பத்துக்குப் பெரிய கெடுதல். மெத்தோட்ரெக்சேட் போன்ற ஒருசில மருந்துகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது என்பதால், திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போது எந்த மருந்து எவ்வளவு பாலில் வரும் என்று பார்க்க லாக்ட்மெட் என்ற அமெரிக்க அரசுத் தொகுப்பு இலவசமாக இருக்கிறது.

எப்போது தேடுவதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். 1955-இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம் போய், கூடவே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், 90-க்கு மேல் நாடித்துடிப்பு, 10.5-க்குக் கீழ் ஹீமோகுளோபின், 30-க்கு மேல் இ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இவற்றில் ஒன்று இருந்தாலும் அது கடுமையான நிலை, படுத்துச் சிகிச்சை எடுக்க வேண்டியது. வயிறு உப்பிக் கல்லாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது தங்கையே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டினை மலத்தில் எப்போது பார்க்க வேண்டும், என் விஷயத்தில் எந்த எண்ணுக்கு மேல் போனால் உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும்? 150-க்குக் கீழ் இருந்தால் பொதுவாக நிம்மதி என்பார்கள், ஆனால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறும் என்பதால் ஒரே இடத்தில் பார்ப்பது நல்லது. மெசலமைன் அபூர்வமாகச் சிறுநீரகத்தைத் தொடும் என்பதால் கிரியேட்டினின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? ரத்தம் திரும்ப வந்தால் உங்களைப் பார்க்கும்வரை எனிமாவைக் கூட்டலாமா, யாருக்கு போன் செய்வது? கடைசிக் கேள்விக்கான பதிலை, அந்த நம்பரோடு, டாக்டர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.